இருமலுக்குக் கொரிய ஊசியும் கஷாயமும்: முதலில் அந்த பிபி மாத்திரையைப் பார்ப்போம்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 41. சொந்த ஊர் திருநெல்வேலி. கணவரின் வேலைக்காக இரண்டு வருடமாகத் தென்கொரியாவில் சுவோன் நகரில் இருக்கிறோம். போன அக்டோபரிலிருந்து தொண்டையில் ஓர் அரிப்பு, அவ்வப்போது வறட்டு இருமல். டிசம்பரில் வீட்டில் எல்லோருக்கும் ஃப்ளூ வந்தது. மற்றவர்களுக்குச் சரியாகிவிட்டது. எனக்குக் காய்ச்சல் போய் இருமல் மட்டும் தங்கிவிட்டது. பத்து வாரம் ஆகப்போகிறது. சளி இல்லை. பேசினால், சிரித்தால், குளிர்காற்றில் இறங்கினால் விடாமல் வருகிறது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, இருமும்போது சிறுநீர் கசிகிறது. இங்குள்ள கிளினிக்கில் ஜனவரியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆன்டிபயாடிக், சிரப் எல்லாம் ஆயிற்று.

கீழ்வீட்டு அம்மா என்னை ஹனிவொன் என்கிற கொரிய வைத்தியசாலைக்கு அழைத்துப் போனார். அங்கே நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, கையிலும் கழுத்துக்குழியிலும் முதுகிலும் ஊசி குத்தினார்கள். இரண்டு வாரத்துக்குக் கஷாயப் பாக்கெட்டுகள் கொடுத்தார்கள். ஊசி குத்திய அன்று இருமல் குறைகிறது, மறுநாள் பழையபடி வந்துவிடுகிறது. கஷாயம் குடிக்க ஆரம்பித்த பிறகு தூக்கம் சரியில்லை, படபடப்பாக இருக்கிறது. அம்மா அனுப்பிய அதிமதுரத்தையும் தினமும் வாயில் அடக்கிக்கொள்கிறேன். போன ஜூலையில் ஊருக்கு வந்தபோது பிபி இருக்கிறது என்று ராமிப்ரில் 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்கள். மொத்தமாக வாங்கிவந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். 130க்குள் இருந்த பிபி இப்போது வீட்டு மெஷினில் 150/96 காட்டுகிறது. ஊசியைத் தொடரலாமா? கொரியக் கஷாயம் நம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்டது ஊசியைப் பற்றியும் கஷாயத்தைப் பற்றியும். அதற்கு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள். கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கிற ராமிப்ரிலைத்தான் முதலில் பேச வேண்டும்.

ராமிப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் என்று ‘ப்ரில்’ என முடியும் பிபி மாத்திரைகள் ஒரே வகையைச் சேர்ந்தவை. நல்ல மருந்துகள். இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றுகிறவை. ஆனால் இவற்றைச் சாப்பிடுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு வறட்டு இருமல் வரும். உடம்பில் பிராடிகைனின் என்ற ஒரு பொருள் உண்டு. பிபியை ஏற்றும் நொதி எதுவோ அதே நொதிதான் இந்தப் பிராடிகைனினையும் உடைத்து அப்புறப்படுத்துகிறது. மாத்திரை அந்த நொதியைத் தடுக்கும்போது பிபி இறங்குகிறது, கூடவே மூச்சுக்குழாயில் பிராடிகைனின் தேங்கி அங்குள்ள நரம்பு நுனிகளைச் சீண்டிக்கொண்டே இருக்கிறது. தொண்டையில் இறகால் தடவுவதுபோல ஓர் அரிப்பு, அதைத் தொடர்ந்து சளியில்லாத இருமல். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். மாத்திரை தொடங்கிய அன்றே வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம். அதனால்தான் பலர் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

உங்கள் கணக்கைப் பாருங்கள். ஜூலையில் மாத்திரை. அக்டோபரில் அரிப்பு. டிசம்பரில்தான் ஃப்ளூ. நீங்களும் கிளினிக்கில் பார்த்தவர்களும் டிசம்பரிலிருந்து எண்ணுகிறீர்கள். நான் அக்டோபரிலிருந்து எண்ணுகிறேன். ஏற்கெனவே சீண்டப்பட்டிருந்த நரம்புகள் மேல் ஃப்ளூ வந்து விழுந்திருக்கிறது. வீட்டில் மற்றவர்களுக்கு அடங்கிய இருமல் உங்களுக்கு மட்டும் அடங்காததற்கு இது போதுமான காரணம் என்றே நினைக்கிறேன்.

கொரிய மருத்துவர் இதைக் கண்டுபிடிக்கவில்லையே என்று அவரைக் குறை சொல்ல முடியாது. கொரியாவில் பிபிக்கு லொசார்டான், டெல்மிசார்டான் போன்ற ‘சார்டான்’ வகையும் அம்லோடிபினும்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். ‘ப்ரில்’ வகை அங்கே மிகக் குறைவு. இன்னொன்று, அந்த நாட்டில் ஒரு மருத்துவர் மருந்து எழுதும்போதே, அது நோயாளி ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு மோதுகிறதா என்று கணினி சரிபார்த்து எச்சரிக்கும் ஏற்பாடு உண்டு. 2010 கடைசியில் நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள், அருமையான ஏற்பாடு. ஆனால் திருநெல்வேலியில் வாங்கி பெட்டியில் வைத்துக் கொண்டுபோன மாத்திரை அந்தக் கணினிக்குத் தெரியாது. ஹனிவொனில் காய்ச்சிக் கொடுத்த கஷாயமும் தெரியாது. ஆக உங்கள் உடம்புக்குள் போகிற முக்கியமான இரண்டு மருந்துகளும் அந்த வலைக்கு வெளியே நிற்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

அதனால் செய்ய வேண்டியது இது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், பிபி 150/96 இருக்கும்போது அது ஆபத்து. மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள நேக்வாவுக்கு, அதாவது பொது மருத்துவக் கிளினிக்குக்குப் போங்கள். அட்டையை அப்படியே காட்டி, “இது சாப்பிடத் தொடங்கிய பிறகு இருமல் வந்தது, வேறு வகைக்கு மாற்ற முடியுமா” என்று கேளுங்கள். அட்டையில் பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்ற எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதில் சிறுநீரைப் பெருக்கும் மருந்தும் கலந்திருக்கிறது என்று பொருள். அது ஏன் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன். மாற்றிய பிறகு இருமல் மறுநாளே நிற்காது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிலிருந்து நான்கு வாரத்தில் குறையும், சிலருக்கு மூன்று மாதம்வரை இழுக்கும். பத்து நாளில் நிற்கவில்லை என்று நம்பிக்கை இழந்துவிடாதீர்கள்.

சரி, இப்போது ஹனிவொனுக்கு வருவோம்.

பயிற்சிக்காகச் சில காலம் சியோலில் இருந்தபோது அங்குள்ள மரபு மருத்துவர்கள் சிலரோடு பழகியிருக்கிறேன். அது மூலைக்கடை வைத்தியம் அல்ல. ஆறு வருடம் கல்லூரியில் படித்து, அரசுத் தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்கள்தான் ஹனிவொன் நடத்த முடியும். 1951இல் வந்த சட்டத்திலிருந்தே நவீன மருத்துவமும் மரபு மருத்துவமும் அங்கே சட்டப்படி அருகருகே நடக்கின்றன. 1987 முதல் ஊசி வைத்தியத்துக்குத் தேசியக் காப்பீடு பணம் தருகிறது. ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் வெளிநாட்டவரும் 2019 ஜூலை முதல் அந்தக் காப்பீட்டுக்குள் வந்துவிட்டதால், உங்களுக்கும் ஊசிக்கு அதிகம் செலவாகியிருக்காது. கஷாயத்துக்குத்தான் பெரிய தொகை கொடுத்திருப்பீர்கள். காப்பீட்டில் உள்ளவை 56 கூட்டுமருந்துகள், அவையும் பெரும்பாலும் தூள் வடிவில். உங்களுக்கென்று தனியாகக் காய்ச்சும் கஷாயத்துக்குச் சில குறிப்பிட்ட நோய்களில் மட்டும் சோதனைத் திட்டமாகக் காப்பீடு உண்டு. இருமல் அந்தப் பட்டியலில் இல்லை.

அவர்கள் இருமலைப் பார்க்கும் விதத்திலும் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது. ஹொ ஜூன் என்ற அரண்மனை வைத்தியர் தொகுத்து 1613இல் அச்சான ‘தோங்உய் போகாம்’ என்ற பெரிய மருத்துவ நூலில் இருமலுக்குத் தனிப் பகுதியே உண்டு. குளிரால் வருவது, சூட்டால் வருவது, சளி இருமல், வறட்டு இருமல், இரவு இருமல், நாள்பட்ட இருமல், குடியால் வரும் இருமல், சாப்பாடு செரிக்காமல் தேங்குவதால் வரும் இருமல் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கடைசி வகையைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இரைப்பை அமிலம் மேலேறி இருமலைத் தூண்டும் என்று நாங்கள் இன்று சொல்வதற்கு ரொம்பப் பக்கத்தில் வந்திருக்கிறார்கள். இருமல் ஒரே நோய் அல்ல, ஆளுக்கு ஆள் காரணம் வேறு என்பதில் அந்த மரபும் நாங்களும் ஒரே பக்கம்தான். ஆனால் 1613இல் ராமிப்ரில் இல்லை. மாத்திரையால் வரும் இருமலை நாடியும் நாக்கும் காட்டிக்கொடுக்காது.

ஊசியால் பலன் உண்டா? நாள்பட்ட இருமலுக்கு அக்குபங்சர் பற்றி நடந்த ஆய்வுகள் சின்னவை. பலவற்றில் ஊசியோடு மருந்தும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள், எது வேலை செய்தது என்று பிரிக்க முடியவில்லை. இருமலில் இன்னொரு சிக்கல் உண்டு. தும்மல்போல அது முழுக்க நம் கையை மீறியது அல்ல, மூளையின் பிடியும் அதன்மேல் இருக்கிறது. அதனால் மருந்தே இல்லாத மாத்திரை கொடுத்தாலும் கணிசமான பேருக்கு இருமல் குறைகிறது. அமைதியான அறையில் சூடான மெத்தையில் இருபது நிமிடம் அசையாமல் படுத்திருப்பது, ஒருவர் கையைப் பிடித்து நாடி பார்த்துப் பொறுமையாகக் கேட்பது, இவையே இருமலைத் தணிக்கும். நீங்கள் உணர்ந்த அந்த ஒரு நாள் நிம்மதி பொய் இல்லை. ஆனால் மறுநாளே திரும்புகிறது என்றால், அடியில் உள்ள காரணம் அப்படியே இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

தொடர விரும்பினால் தொடரலாம், நான் தடுக்கப்போவதில்லை. மூன்று விஷயத்தில் மட்டும் கவனம் வையுங்கள். கையிலும் முழங்கையிலும் குத்துவதில் பயமில்லை. மேல்முதுகில் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, நுரையீரலுக்கு உரியதாக அவர்கள் சொல்லும் புள்ளிகளில் குத்தும்போது ஊசி ஆழமாகப் போகக் கூடாது. அங்கே தோலுக்கும் நுரையீரலுக்கும் இடையில் அதிக தூரம் இல்லை, ஒல்லியானவர்களுக்கு இன்னும் குறைவு. பயிற்சி பெற்றவர்கள் சாய்வாகத்தான் குத்துவார்கள், விபத்து அபூர்வம். ஆனாலும் ஊசி குத்திய அன்றோ மறுநாளோ திடீரென்று ஒரு பக்க நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் வந்தால் அது இருமலால்தான் என்று இருந்துவிடாதீர்கள். நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று கசிந்திருக்கலாம். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், முதுகில் ஊசி போட்டதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தேனீ விஷ ஊசி. கொரியாவில் அது பரவலாக உண்டு. எதிர்ப்புச் சக்தி கூடும் என்று உங்களுக்கும் சொல்லலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2018இல் புச்சோன் நகரில் இடுப்பு வலிக்குத் தேனீ விஷ ஊசி போட்டுக்கொண்ட ஓர் ஆசிரியை ஒவ்வாமை அதிர்ச்சியில் இறந்துபோனார். ஆஸ்துமா இருக்கிறதா என்றே இன்னும் தெரியாத ஒருவர் அந்தப் பக்கம் போகவே கூடாது. மூன்றாவது, தும் என்று சொல்லி மூலிகைத் திரியைக் கொளுத்தி உடம்பில் சூடு காட்டுவார்கள். அந்தப் புகை உங்கள் தொண்டைக்கு ஆகாது. புகையில்லாத மின்சார வகை இருந்தால் சரி.

கஷாயம் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே பேசப்போகிறேன்.

இருமலுக்குக் கொரிய வைத்தியத்தில் அடிக்கடி வரும் பெயர்கள் சில. தோராஜி என்கிற மணிப்பூச் செடியின் வேர், சளியை இளக்க. மெங்முன்தோங் என்ற சிறு கிழங்கு, வறண்ட தொண்டைக்கு. சர்க்கரைப் பாதாமி விதை, ஓமிஜா பழம், சுக்கு, லவங்கப்பட்டைக் குச்சி. இவற்றில் மெங்முன்தோங் சேர்ந்த கூட்டுமருந்தைக் காய்ச்சலுக்குப் பின் நிற்காத வறட்டு இருமலுக்கு ஜப்பானில் ஆராய்ந்திருக்கிறார்கள். சிலருக்கு முதல் சில நாட்களில் இருமல் சீக்கிரம் குறைவதாகத் தெரிகிறது. ஆக முழுதும் வீண் என்று நான் சொல்லமாட்டேன். செடியிலிருந்து வந்த மருந்து என்பதற்காக ஒதுக்கவும் மாட்டேன். நவீன மருத்துவத்தில் சளியை இளக்கத் தரும் புரோம்ஹெக்சின் நம் ஆடாதோடையிலுள்ள ஒரு பொருளை வைத்து உருவானதுதான்.

உங்கள் கஷாயத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. இருமலுக்குப் பிரபலமான சோசொங்ரியோங்தாங் என்ற கூட்டில் மாஹ்வாங் உண்டு. அதுதான் எபிட்ரா செடி. அதிலுள்ள எபிட்ரின் மூச்சுக்குழாயை விரிக்கும், உண்மை. அதே எபிட்ரின் இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், பிபியை ஏற்றும். அந்த ஆபத்துக்காகவே அமெரிக்கா 2004இல் எபிட்ரா கலந்த சத்துமருந்துகளைத் தடை செய்தது. கொரியாவில் மரபு மருத்துவர்கள் இதை எழுதலாம், உடம்பு இளைக்கத் தரும் கஷாயங்களில் இது நிறைய வருகிறது. கஷாயம் ஆரம்பித்த பிறகு படபடப்பு, தூக்கமின்மை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வந்தது. அடுத்த முறை போகும்போது “மாஹ்வாங் தூரோ இஸ்ஸொயோ?” என்று கேளுங்கள், மாஹ்வாங் சேர்ந்திருக்கிறதா என்று அர்த்தம். கூடவே பிபி மாத்திரை அட்டையையும் நீட்டுங்கள். பிபி இருப்பது தெரிந்தால் பெரும்பாலான மரபு மருத்துவர்கள் மாஹ்வாங்கை எடுத்துவிட்டுத்தான் காய்ச்சுவார்கள். நீங்கள் அவரிடமும் மாத்திரையைப் பற்றிச் சொல்லியிருக்கமாட்டீர்கள் என்றே தோன்றுகிறது.

இரண்டாவது கம்ச்சோ. கொரியக் கூட்டுமருந்துகளில் பாதிக்கு மேல் இது ஏதோ ஓர் அளவில் இருக்கும், மற்ற மூலிகைகளின் கசப்பையும் வேகத்தையும் மட்டுப்படுத்தச் சேர்ப்பார்கள். கம்ச்சோ வேறொன்றும் இல்லை, உங்கள் அம்மா அனுப்பிய அதிமதுரம்தான். ஆக ஒரே வேர் உங்களுக்குள் இரண்டு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. பாக்கெட்டில் கலந்து தினமும் இரண்டு மூன்று வேளை, அப்புறம் வாயில் அடக்கிய துண்டு நாள் முழுக்க. அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின், சிறுநீரகத்தை உப்பைத் தேக்கிவைக்கவும் பொட்டாசியத்தை வெளியே தள்ளவும் வைக்கும். பிபி ஏறும், கால் வீங்கும், தசை தளரும், பொட்டாசியம் ரொம்ப இறங்கினால் இதயத்துடிப்பே தடுமாறும். உங்கள் மாத்திரையில் ‘எச்’ இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். அந்த மருந்தும் பொட்டாசியத்தை இறக்கும், இரண்டும் சேர்ந்தால் கீழே போகும் வேகம் கூடும்.

இதில் எனக்குக் கவலையான விஷயம் ஒன்று இருக்கிறது. பிபி மாத்திரை இருமலைக் கொடுத்திருக்கலாம். இருமலுக்குச் சாப்பிட்டது பிபியை ஏற்றியிருக்கலாம். அடுத்து என்ன நடக்கும்? பிபி ஏறிவிட்டது என்று ராமிப்ரிலைப் பத்து மில்லிகிராமாக்குவார்கள். இருமல் நிற்கவில்லை என்று நீங்கள் இன்னொரு பெட்டிக் கஷாயம் வாங்குவீர்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அம்மா அன்பாகத்தான் அனுப்பினார், கீழ்வீட்டு அம்மா அக்கறையாகத்தான் அழைத்துப் போனார். ஆனாலும் இந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதிமதுரத்தை இன்றே நிறுத்துங்கள். கஷாயத்தையும் உள்ளே இருப்பது என்னவென்று எழுத்தில் வாங்கும்வரை ஓரமாக வையுங்கள், கொடுத்த காசு போகிறதே என்று குடித்துத் தீர்க்க வேண்டாம். நேக்வாவுக்குப் போகும்போது இரத்தத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். அதிமதுரத்தின் வேலை நிறுத்திய உடனே அடங்காது, ஓரிரு வாரம் ஆகும். அதனால் காலை மாலை பிபியைக் குறித்துக்கொண்டே வாருங்கள்.

நம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டிருந்தீர்கள். கொரிய உடம்பு, தமிழ் உடம்பு என்று இதில் வேறுபாடு இல்லை. பிபி உள்ள யாராக இருந்தாலும் இதே எச்சரிக்கைதான். கடையிலும் ஆன்லைனிலும் உரிமம் இல்லாமல் விற்கும் மூலிகைக் கட்டுகளை மட்டும் எந்த நாட்டிலும் வாங்காதீர்கள். பழைய சீன, கொரிய மரபில் இருமலுக்குக் கொடுத்த காய்களில் ஒன்று அரிஸ்டோலோக்கியா என்ற கொடியின் காய். அந்தக் குடும்பத்திலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்து, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் உண்டாக்கும் என்று பின்னாளில் தெரிந்தது. கொரியாவில் அந்தக் காய் இப்போது தடை. இணையத்தில் தடை எவ்வளவு தூரம் செல்லும் என்று உங்களுக்கே தெரியும்.

கீழ்வீட்டு அம்மா தோராஜியும் பேரிக்காயும் சேர்த்துப் பிழிந்த சாறு கொடுத்தால் தாராளமாகக் குடியுங்கள். குளிர்காலத்தில் அங்கே வீட்டுக்கு வீடு இருப்பது. அதிமதுரம் கலக்காததா என்று மட்டும் பாக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மிளகும் இஞ்சியும் போட்டு வேகவைத்த பேரிக்காயை அவர்கள் பேசுக் என்பார்கள். இதமாக இருக்கும், கெடுதல் இல்லை.

மாத்திரைதான் காரணம் என்று நான் பெரிதும் நம்பினாலும், அதோடு நின்றுவிட மாட்டேன். பெரியவர்களுக்கு எட்டு வாரத்தைத் தாண்டிய இருமலை நாள்பட்ட இருமல் என்கிறோம், அதற்கென்று பார்க்க வேண்டியவை உண்டு. முதலில் காசநோய். பணக்கார நாடுகளின் கூட்டமைப்பில் பல வருடம் காசநோய் அதிகம் இருந்த நாடு கொரியா. இந்தியாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ச் சோதனை என்பது இரண்டு அரசுகளும் சொல்கிற விதி. விசாவுக்குக் காசநோய் இல்லை என்று சான்றிதழ் கொடுத்தேனே என்பீர்கள். இந்தியாவிலிருந்து நீண்ட காலம் தங்கப் போகிறவர்களிடம் அதைக் கேட்கிறார்கள்தான். ஆனால் அது அன்றைய நிலவரம், இரண்டு வருடப் பழையது. ஜனவரி எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது ஆறுதல். ஆனால் மூச்சுக்குழாயின் உள்சுவரில் மட்டும் வரும் ஒரு வகை உண்டு. அரிதுதான், பெண்களுக்கே அதிகம் வருகிறது, எக்ஸ்ரேயில் சில சமயம் ஒன்றுமே தெரியாது. மாத்திரையை மாற்றியும் குறையாமல், எடை குறைந்தாலோ, மாலையில் காய்ச்சல் வந்தாலோ, சளியில் இரத்தம் தெரிந்தாலோ போகொன்சோ எனப்படும் அரசு சுகாதார மையத்துக்கு உடனே போங்கள்.

அடுத்தது இருமலாகவே வெளிப்படும் ஆஸ்துமா. வீசிங் இருக்காது, மூச்சு வாங்காது. இரவிலும் குளிர்காற்றிலும் இருமல் மட்டும். நேக்வாவில் இல்லாவிட்டாலும் பெரிய மருத்துவமனையின் நுரையீரல் பிரிவில் ஊதிப் பார்க்கும் சோதனை உண்டு, பத்து நிமிட வேலை. மூக்கில் நீர் தொண்டைக்குள் இறங்குவதாகத் தோன்றினால் காது மூக்கு தொண்டை கிளினிக்கே போதும். கொரியாவில் தெருவுக்கு ஒன்று இருக்கும், சளிக்கும் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். நெஞ்செரிச்சல் இருந்தால் இரவு பத்து மணி ராம்யொன் நூடுல்ஸையும் சாப்பிட்ட உடனே படுப்பதையும் விடுங்கள். 2024இல் கொரியாவில் கக்குவான் இருமல் பெரிய அளவில் பரவியது. மகனோ மகளோ பள்ளியில் படித்தால், இருமி இருமி வாந்தி வருமளவுக்குப் போனால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தரையைச் சூடாக்கும் ஒன்டோல் அறைகள் பிப்ரவரியில் எவ்வளவு வறண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஈரப்பதமூட்டி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதில் தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. ஈரப்பதமூட்டியில் ஊற்றச் சொல்லிக் கொரியாவில் விற்ற கிருமிநாசினித் திரவங்களால் ஆயிரக்கணக்கானோர் நுரையீரல் கெட்டுப்போனார்கள், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இறந்தார்கள். 2011இல்தான் காரணம் கண்டுபிடித்து நிறுத்தினார்கள். பழைய பாட்டில் எதுவும் வீட்டு அலமாரியில் கிடந்தால் தூக்கி எறியுங்கள். யூகலிப்டஸ் எண்ணெயும் விட வேண்டாம். தண்ணீரைத் தினமும் மாற்றி, தொட்டியைக் கழுவிக் காயவையுங்கள். மார்ச்சில் மஞ்சள் தூசிக் காற்று தொடங்கிவிடும். தொலைபேசியில் நுண்தூசி அளவு சிவப்பாகக் காட்டும் நாளில் கேஎஃப்94 முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியே போங்கள். குளிர்காற்று நேரே தொண்டையில் படாமலிருக்கவும் அது உதவும்.

இருமல் வரப்போகிறது என்று அரிப்பு தொடங்கும் அந்த நொடியில் செய்ய ஒரு பயிற்சி உண்டு. வாயை மூடுங்கள், எச்சிலை விழுங்குங்கள், மூக்கால் மெதுவாக இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள். ஒரு வாய் வெதுவெதுப்பான தண்ணீர். அரிப்பு கடந்துபோகும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். முதல் நாள் தோற்பீர்கள், பரவாயில்லை. இருமலே தொண்டையைப் புண்ணாக்கி அடுத்த இருமலை அழைக்கிறது என்பதால், பத்தில் மூன்றைத் தடுத்தாலும் லாபம்தான். இந்த முறைக்கு ஊசியைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது.

கடைசியாக, கூச்சத்தோடு எழுதியது. நாள்பட்ட இருமலோடு வரும் பெண்களிடம் நான் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்பார்கள், கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள். வெளியே போவதைக் குறைத்து, தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, அதனால் தொண்டை இன்னும் வறண்டு இருமல் கூடும். தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஒவ்வொரு இருமலும் அடிவயிற்றிலிருந்து சிறுநீர்ப்பையை அழுத்துகிறது, பிரசவத்தில் தளர்ந்த இடுப்புத் தளத் தசை அதைத் தாங்க முடியாமல் விடுகிறது. அவ்வளவுதான், இதில் அவமானப்பட ஒன்றும் இல்லை. சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசையை இறுக்கி ஐந்து நொடி பிடித்து விடுங்கள், பத்து முறை, தினம் மூன்று வேளை. அப்புறம் இருமல் வருவது தெரிந்ததும் முதலில் அந்தத் தசையை இறுக்கி, கால்களைக் குறுக்கிக்கொண்டு, பிறகு இருமுங்கள். இருமல் குறைந்தும், மூன்று மாதம் பயிற்சி செய்தும் கசிவு நிற்கவில்லை என்றால் பெண்கள் மருத்துவரைப் பாருங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது, சுவோனிலேயே கிடைக்கும்.